வார்டு கணக்கில் மறைந்துபோன காலனி

கேள்வி: நான் ஒரு நகராட்சியில் வார்டு உறுப்பினர். முதல் முறையாக ஜெயித்து வந்திருக்கிறேன். என் வார்டில் கடைத்தெருவை ஒட்டிய தெருக்களும் இருக்கின்றன, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியும் இருக்கிறது. காலனிக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை. மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசினால், “உங்க வார்டுலதானே மேடம் இணைப்பு அதிகம்” என்று பட்டியலை எடுத்துக் காட்டுகிறார்கள். பட்டியலும் பொய் இல்லை. விவரங்களைச் சேகரித்து வரைபடமாகப் போட்டால் பேச முடியும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். வரைபடம் பார்த்து யாராவது முடிவை மாற்றியிருக்கிறார்களா? எங்கிருந்து தொடங்குவது? வீடுகளைச் சாதிவாரியாகக் குறிக்கலாமா?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. ஆனால் வரைபடத்துக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்த எல்லைக்குள் எண்ணப் போகிறீர்கள்? உங்கள் வழக்கு முழுவதும் அதில்தான் நிற்கிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கடைத்தெருப் பக்கம் 300 வீடு, அதில் 280 வீட்டுக்கு இணைப்பு. காலனியில் 100 வீடு, 40 வீட்டுக்கு இணைப்பு. சேர்த்துப் பார்த்தால் 400-க்கு 320, வார்டில் 80 சதவீதம். அதிகாரி படிப்பது இந்த 80-ஐ. காலனியின் 40 அதற்குள் கரைந்துபோகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணும் சரி, ஆனாலும் அநியாயம் நடந்துகொண்டிருக்கிறது. வார்டு எல்லை ஓட்டு எண்ணுவதற்காகப் போட்டது. தண்ணீர் அந்தக் கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கி, வால்வு வால்வாகப் பிரிந்து, கடைசித் தெருவில் போய் முடிகிறது. எண்ண வேண்டியதும் அந்தப் பாதையில்தான்.

எல்லையை மாற்றிப் போட்டதால் ஒரு நகரமே விழித்துக்கொண்ட கதை அமெரிக்காவில் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்று ஒரு பழைய தொழில் நகரம். பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர், ஏழைகள் அதிகம். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் நகரத்தின் குடிநீரை ஆற்று நீருக்கு மாற்றினார்கள். குழாயை அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீட்டுக்கு வந்தது. மக்கள் பாட்டிலில் பழுப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் பெரிதாகக் கூடவில்லை என்று மாநில அதிகாரிகள் சொன்னார்கள். அவர்கள் கணக்கு அஞ்சல் குறியீட்டை வைத்துப் போட்டது.

அங்கேதான் கோளாறு. ஃபிளின்ட் என்று முகவரி போட்டுக்கொள்ளும் அஞ்சல் வட்டாரங்கள் நகர எல்லையைத் தாண்டியும் நீள்கின்றன. அந்த முகவரிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, நகரத்தின் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதவர்களுடையது. நல்ல தண்ணீர் குடித்த குழந்தைகளையும் கெட்ட தண்ணீர் குடித்த குழந்தைகளையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்ததில் விஷம் மறைந்துபோனது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா மருத்துவமனைப் பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த புவியியலாளர் ரிக் சாட்லர், ஒவ்வொரு குழந்தையின் வீட்டு முகவரியையும் வரைபடத்தில் வைத்து, யார் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் போகிறது என்று பிரித்தார். ஈய அளவு கூடிய குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது. தண்ணீரில் ஈயம் அதிகமாக இருந்த பகுதிகளில் இன்னும் மோசம். 2015 செப்டம்பரில் இதை வெளியிட்டார்கள். முதலில் மறுத்த அரசு பிறகு ஒப்புக்கொண்டது. அக்டோபரில் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள். விவரம் அரசிடமும் இருந்தது. சரியான எல்லைக்குள் வைத்து எண்ணியவர்கள் இவர்கள் இருவரும்தான்.

நம் நாட்டிலும் இதே கதைதான் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அஞ்சலி அடுக்கியா, சாம் ஆஷர், பால் நோவொசாட் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியா முழுவதும் 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் இடங்களில் அரசுப் பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாக்கடை எப்படி என்று பார்த்தார்கள். 2023-ல் முடிவுகள் வந்தன. இந்த வசதிகள் அங்கே குறைவாக இருந்தன. மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிட்டால் இந்தக் குறை சரியாகத் தெரியாது. ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். பாகுபாடு நடப்பது டெல்லியிலோ சென்னையிலோ போடும் திட்டத்தில் என்பதைவிட, உங்கள் நகராட்சி மாதிரியான இடத்தில், எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் என்று வாய்மொழியாக முடிவாகும் மேஜையில். உங்களைப் போன்ற ஒருவர் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

வரைபடம் பார்த்து முடிவு மாறியிருக்கிறதா என்று கேட்டீர்கள். ஃபிளின்ட் ஒன்று. உங்கள் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமானது ஒஹையோ மாநிலத்தின் ஜேன்ஸ்வில். அந்த நகரத்தை ஒட்டி கோல் ரன் என்ற கறுப்பினக் குடியிருப்பு. பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. 1950-களிலிருந்தே குழாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் வெள்ளையர் வீடுகளுக்குக் குழாய் போனது, இவர்களுக்கு மட்டும் வரவில்லை. கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தார்கள், லாரியில் ஏற்றிவந்தார்கள். 2002-ல் புகார் கொடுத்து, அடுத்த ஆண்டு வழக்குப் போட்டார்கள். அப்போது சீடர் குரோவ் என்ற சிறிய ஆய்வு நிறுவனம் ஒரு வேலை செய்தது. குழாய் எங்கே போகிறது, எந்த வீட்டுக்குத் தண்ணீர் பில் போகிறது, அந்த வீட்டில் இருப்பவர் யார், மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. தண்ணீர் இல்லாத வீடும் கறுப்பின வீடும் ஒரே இடத்தில் போய் விழுந்தன. ஐம்பது ஆண்டாக வாயால் சொல்லி நம்பாததை நடுவர் குழு கண்ணால் பார்த்தது. 2008-ல் 67 பேருக்குச் சேர்த்து ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. குழாய் அதற்கு முன்பே, வழக்கு நடக்கும்போதே வந்துவிட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மூன்று அடுக்கு. குழாய், தண்ணீர், குடியிருப்பவர். நீங்கள் தொடங்க வேண்டியதும் அங்கேதான்.

முதல் அடுக்குக்கு அலுவலகத்தையே கேளுங்கள். குழாய்ப் பாதை வரைபடம், வால்வுகள் இருக்கும் இடம், இணைப்புப் பதிவேடு, தெருக்குழாய்ப் பட்டியல், எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்ற முறைப் பட்டியல், லாரித் தண்ணீர் போகிறதென்றால் அதன் நடைப் பதிவேடு. உறுப்பினர் என்ற முறையில் ஆணையரிடம் எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால், ஊர்க்காரர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடட்டும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் கேட்பதோடு, பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதியும் கேட்கச் சொல்லுங்கள். சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. பல ஊர்களில் குழாய் வரைபடம் என்று ஒன்று இருக்காது, தண்ணீர் திறந்துவிடுகிறவரின் தலைக்குள்தான் இருக்கும். அப்படியானால் அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்து, அவர் சொல்லச் சொல்ல வரையுங்கள். ஊரில் அவரளவுக்குத் தண்ணீரைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இரண்டாவது அடுக்குதான் உயிர். ‘இணைப்பு உண்டு’ என்பதற்கும் ‘தண்ணீர் வருகிறது’ என்பதற்கும் நடுவில் என்னென்ன கிடக்கிறது என்று பார்க்க ஒரு தெருக்கோடிக்குப் போனால் போதும். ஒரு ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அழுத்தம் இல்லாததால் தண்ணீர் குழாயின் உயரத்துக்கு ஏறவில்லை. அதனால் வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைக் கீழேயே அறுத்துவிட்டிருந்தார்கள். ஒரு பெண் குழிக்குள் இறங்கிக் குந்தி, சொம்பில் பிடித்துப் பிடித்து மேலே நிற்கும் மகளிடம் கொடுக்க, அவள் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குழியின் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி சாக்கடை ஓடியது. மழை பெய்தால் குழி நிரம்பும், குழாய் வாய் அதில் மூழ்கும். அலுவலகப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நேராக ‘இணைப்பு உண்டு, பயன்பாட்டில்’ என்று இருந்தது.

ஆகவே வீடு வீடாகக் கேட்க வேண்டிய கேள்விகள் சில. எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் அதையும் எழுதுங்கள், கண் விழிப்பது யார் என்பதையும் எழுதுங்கள். 15 லிட்டர் குடம் நிரம்ப எத்தனை நிமிஷம் என்பதைப் போனில் ஓடவிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. கருவி தேவையில்லை, யாரும் மறுக்க முடியாது, பொறியாளருக்கும் புரியும், பாட்டிக்கும் புரியும். பதில்களைப் பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் “தண்ணி வருதுங்க” என்று முடித்துவிடுவார்கள்.

இதே கேள்விகளை, இதே வாரத்தில், கடைத்தெருப் பக்கமும் கேட்டாக வேண்டும். காலனியை மட்டும் அளந்தால் அது புகார் மனு. இரண்டு பக்கத்தையும் அளந்தால்தான் ஒப்பீடு.

மென்பொருள் பற்றிக் கவலைப்பட வேண்டாம், உங்கள் மகள் பார்த்துக்கொள்வாள். வரைபடம் போட கியூஜிஐஎஸ் இருக்கிறது, இலவசம், தமிழிலும் எழுதலாம். போனிலேயே கேள்வித்தாள் நிரப்ப கோபோ இருக்கிறது, அதுவும் இலவசம். குறுகலான சந்துகளில் போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும், ஒரு வீடு பக்கத்து வீட்டின் மேல் விழும். கதவு எண்ணைத் தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பொறியாளர் என்ன சொல்வார் என்று பார்ப்போம். “காலனி மேட்டில் இருக்கிறது, தொட்டியிலிருந்து தூரம், அதனால் அழுத்தம் வராது.” இது சாக்காக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். கோபப்படாதீர்கள், சோதித்துப் பாருங்கள். அதே உயரத்தில், அதே தூரத்தில் வேறு தெரு இருக்கிறதா? அங்கே குடம் எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது? அங்கேயும் அதே நேரம்தான் என்றால் பிரச்சினை மேடு. அதற்குத் தனித் தொட்டியோ பூஸ்டரோ கேளுங்கள். அங்கே மட்டும் சீக்கிரம் நிரம்புகிறது என்றால் மேடு என்ற பதில் அத்தோடு போயிற்று. நடுவழியில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளையும் பாருங்கள். கடைக்கோடி வறள்வதற்குப் பல ஊர்களில் அதுவே காரணம். அந்த வீடுகள் உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களுடையதாக இருக்கலாம், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது அடுக்கு, சாதி. நீங்கள் தயங்கியது நியாயமான தயக்கம். வீட்டுக்கு வீடு சாதியைக் குறித்த வரைபடம் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் போட்ட அந்தத் தாள் ஒரு கலவர நாளில் யார் கையில் இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. ஜேன்ஸ்வில்லில் வீடு வீடாகக் குறித்தது நீதிமன்றத்துக்காக, வழக்கறிஞர்கள் கட்டுப்பாட்டில். உங்களுக்குத் தெரு அளவில் போதும். எந்தத் தெரு ஆதிதிராவிடர் குடியிருப்பு என்பது ஊருக்கே தெரியும், அரசு ஆவணங்களிலும் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்தால் ஒரு சிக்கல் வரும். 2011 கணக்கெடுப்பில் வார்டுவாரியாகப் பட்டியல் சாதி மக்கள்தொகை கிடைக்கும். வீட்டுக்குள் குழாய் உள்ள வீடுகளின் விகிதமும் வார்டுவாரியாகக் கிடைக்கும். பட்டியல் சாதி மக்கள் அதிகமுள்ள வார்டில் குழாய் குறைவு என்று அதை வைத்துச் சொல்லலாம். அந்த வார்டில் குழாய் இல்லாத வீடுகள் அவர்களுடையவைதான் என்று சொல்ல முடியாது. பெங்களூரு போன்ற பெருநகரங்களில் நவீன் பாரதி, தீபக் மல்கான், அந்தலீப் ரஹ்மான் செய்த ஆய்வும் இதையே காட்டியது. சாதிவாரியாகப் பிரிந்து வாழ்வது வார்டு அளவில் பார்த்தால் மங்கலாகத்தான் தெரிகிறது, அதைவிடச் சிறிய கணக்கெடுப்பு வட்டாரத்துக்குள் இறங்கினால் பளிச்சென்று தெரிகிறது. தவிர, 2011 எண்கள் பழசாகிவிட்டன. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்தது 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்காக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வார்டை நீங்களே எண்ணிவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வரைபடம் எளியவருக்கு எதிராகவும் வேலை செய்திருக்கிறது. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களை நான்கு தரமாகப் பிரித்து, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டியது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். 2020-ல் 108 நகரப் பகுதிகளைச் செயற்கைக்கோள் மூலம் அளந்தபோது, அவற்றில் 94 சதவீதத்தில் அந்தப் பழைய சிவப்புப் பகுதிகளே சூடாக இருந்தன. தரை வெப்பநிலை மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம். மரம் இல்லை, பூங்கா இல்லை, எல்லாம் தார். தொண்ணூறு ஆண்டுக்கு முன் தீட்டிய வர்ணம் இன்றும் சுடுகிறது.

சென்னையில் வேறு விதம். 1971-ல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தபோது 1,202 இடங்களைக் குடிசைப் பகுதி என்று பட்டியலிட்டார்கள். 1985-ல் 17 இடங்களைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஒன்றுகூடச் சேரவில்லை. நகரம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பட்டியலில் இல்லாத குடியிருப்புக்குக் குழாய் கேட்டால், அப்படி ஒரு இடமே இல்லை என்பது பதில். நித்யா ராமன் தொடங்கிய டிரான்ஸ்பேரன்ட் சென்னை குழு இந்த விடுபட்ட இடங்களையும் பொதுக் கழிப்பறைகளையும் வரைபடத்தில் குறித்து இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதே சென்னையில்தான், ஆற்றோரக் குடியிருப்புகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து, எண் போட்டு, பிறகு தொலைவில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். கதவில் எண் எழுத வருகிறவர்களைப் பார்த்தால் மக்கள் பயப்படுவது சும்மா இல்லை.

உங்கள் காலனி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்கிறீர்கள். பட்டா இருக்கிறதா? இல்லையென்றால், எந்த விவரத்தை வெளியே காட்டலாம் என்று காலனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வரைபடத்தை முதலில் அவர்களிடமே காட்டுங்கள். “இது எங்க தெரு இல்லையே, இந்தக் குழாய் போன வருஷமே போச்சே” என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தம் இல்லாத வரைபடத்தை மன்றத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மன்றத்தில் என்ன கேட்பது? பல நகராட்சிகளில் பணம் வந்தால் வார்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். சண்டை வராது என்பது அதன் ஒரே நன்மை. ஏற்கெனவே குழாய் உள்ள வார்டு அந்தப் பணத்தில் சிமென்ட் சாலைக்கு மேல் சிமென்ட் சாலை போடும், இல்லாத வார்டு குழாயில் பாதியைப் போட்டு நிறுத்தும். நீங்கள் கொண்டுவர வேண்டிய தீர்மானம் வேறு. எந்தத் தெருவிலும் தண்ணீர் இத்தனை நாளுக்கு ஒரு முறைக்குக் குறையக் கூடாது, ஒரு குடம் நிரம்ப இத்தனை நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று ஒரு அடிமட்டம் வையுங்கள். அதற்குக் கீழே இருக்கும் தெருக்கள் எந்த வார்டில் இருந்தாலும் குடிநீர்ப் பணம் முதலில் அங்கே போகட்டும். உங்கள் வார்டுக்கு மட்டும் கேட்டால் நீங்கள் தனியாள். இப்படிக் கேட்டால் மற்ற வார்டுகளின் கடைக்கோடித் தெருக்களும் உங்களோடு நிற்கும், அந்த உறுப்பினர்களும் வேறு வழியில்லாமல் கை தூக்குவார்கள். அவர்கள் தெருக்களிலும் குடம் வைத்து அளந்து கொடுத்தீர்களானால் இன்னும் நல்லது.

வரைபடம் ஒரே தாளாக இருக்கட்டும், இரண்டு வர்ணம் போதும். கூட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. மக்கள் கூடும் பகுதி சபையில் முதலில் வைத்துத் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கான விதிகள் 2022-லிருந்தே இருக்கின்றன. எழுத்தில் வந்த கோரிக்கையைப் பட்டியலைக் காட்டி ஒதுக்குவது சிரமம். பட்ஜெட் மார்ச் வாக்கில் வருமென்றால் டிசம்பருக்குள் அளந்து முடித்துவிடுங்கள், மதிப்பீடு தயாரிக்கப் பொறியாளருக்கு நேரம் வேண்டும். கோடையில் ஏப்ரல், மே மாதம் அதே வீடுகளில் அதே குடத்தை வைத்து மறுபடி அளந்து, இரண்டு தாளையும் அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஆணையருக்கு எழுதுங்கள்.